முதலில் எஃப்1 அழுத்திப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மகளின் கல்லூரிப் படிப்புக்காகத் தவணையில் புது மடிக்கணினி வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடு.

போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் திங்க்பேட் எக்ஸ்220 என்ற பழைய மடிக்கணினி ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். 2011இல் வந்த மாடல். முதலில் பார்த்தது வேறொன்று, புதிது போலப் பளபளத்தது. இயக்கியவுடன் எஃப்1 விசையை அழுத்தினேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்டது. கடைக்காரருக்கும் தெரியவில்லை. முன்பு வைத்திருந்த அலுவலகம் போட்ட பூட்டாக இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் அது அழியாது. மறந்துபோனால் உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையான தாய்ப்பலகையையே மாற்ற வேண்டியதுதான். வேண்டாம் என்று நகர்ந்துவிட்டேன். நீ எந்தக் கடைக்குப் போனாலும் மூடியின் கீறலைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்.

அடுத்ததில் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, கேமரா, ஒவ்வொரு விசை என்று சோதித்தேன். பேட்டரி மட்டும் புதிதில் இருந்த கொள்ளளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்து பிரித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! ஓரத்தில் ஒரு திருகைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க் வெளியே வருகிறது. அடிமூடியைத் திறந்தால் தற்காலிக நினைவகமான ரேம் இரண்டும் கைக்கு எட்டுகின்றன. இன்று விற்கும் மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட வழியே இல்லை. நான் 8 ஜிபி ரேமும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்.எஸ்.டியும் போட்டேன். எஸ்.எஸ்.டி 7 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த மாடலுக்குள் போகாது. பழைய டிஸ்க்கில் திணறிய இயந்திரமா இது என்று தோன்றுகிறது.

பழைய கணினிக்கும் சுமையாக இல்லாத மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தேன். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ தட்டினால் போதும், புள்ளி தானே விழுகிறது. அப்பாவின் நாட்குறிப்புகளை இதில்தான் தட்டச்சு செய்கிறேன்; 1978ஆம் ஆண்டு முடிந்துவிட்டது. நேற்றிரவு மின்சாரம் போனபோது, திரைக்கு மேலே இருக்கும் குட்டி விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு பக்கம் எழுதினேன்.

மகளுக்கு இவ்வளவு பழையது வேண்டாம். கல்லூரியில் விண்டோஸ் கேட்பார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2018இல் வந்த திங்க்பேட் டி480இல் எட்டாம் தலைமுறைச் செயலி உள்ளது அதற்குப் பொருந்தும். அதிலும் ரேமை மாற்றிக்கொள்ளலாம். கட்டட வரைபடம், முப்பரிமாண வேலை என்று படிப்பு போனால் மட்டும் புதிதே வாங்கு, நான் தடுக்க மாட்டேன்.

எந்தப் பாடப்பிரிவு கிடைத்தது என்று உடனே எழுது. மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வா. பென்டிரைவோடு நானும் கடைக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்