கிரெசுன் கோட்டைச் சமாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருங்கடல் கரையோர ஊர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். கப்பலில் பொறியாளராக இருந்த காலத்தில் துருக்கியின் கிரெசுன் துறைமுகத்தில் இரண்டு நாள் தங்கியவன் நான். தெருவோரம் ஹேசல் கொட்டைகளைப் பரப்பிக் காயவைத்திருப்பதைப் பற்றிப் படித்தபோது அந்த வாசனையே மூக்கில் ஏறியது. ஆனால் கோட்டை உச்சியிலுள்ள சமாதியை, 'துருக்கி விடுதலைப் போரின் உள்ளூர் வீரர் ஒருவருடையது' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

அன்று நானும் அப்படித்தான் நம்பினேன். துறைமுகத் தொழிலாளி ஒருவர் என்னைக் கோட்டைக்கு அழைத்துப் போனார். சமாதியின் முன் இரு உள்ளங்கைகளையும் ஏந்தி, உதடுகள் மட்டும் அசையப் பிரார்த்தித்தார். "ஒஸ்மான் ஆகா, எங்கள் ஊர்ப் பிள்ளை" என்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். அந்த ஒஸ்மான் யாரென்று பல வருடம் கழித்துப் படித்து அறிந்தபோது, கும்பிட்ட கை கூசியது.

1883இல் கொட்டை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பால்கன் போரில் காலில் குண்டு பாய்ந்து நொண்டியானதால் 'தொபால்', அதாவது நொண்டி, ஒஸ்மான் என்ற பெயர் நிலைத்தது. முதல் உலகப் போரில் சொந்தமாக ஆள் சேர்த்துப் படை நடத்தினார். ஆர்மீனியர்களை ஊரைவிட்டு விரட்டியபோது நடந்த கொடுமைகளுக்காக 1919இல் சுல்தானின் அரசே அவரைத் தேடியது. மலைக்குள் ஒளிந்தார். மன்னிப்புக் கிடைத்ததும் இறங்கி வந்து கிரெசுனின் நகரத் தலைவராக அமர்ந்தார்.

சுல்தானுக்குப் போட்டியாக அங்காராவில் முஸ்தபா கெமாலின் (பின்னாளில் அதாதுர்க்) அரசு எழுந்தபோது, அதற்கு இப்படிப்பட்ட ஆள் தேவைப்பட்டார். பொன்டஸ் கிரேக்கர்களின், அதாவது கருங்கடல் கரையோரம் வாழ்ந்த கிரேக்கர்களின், கிராமங்களை அவருடைய ஆட்கள் சூறையாடினார்கள், எரித்தார்கள். 1921இல் கிழக்கே கொச்கிரி பகுதியில், அலெவி என்ற இஸ்லாமியப் பிரிவைச் சேர்ந்த குர்து மக்களின் கிளர்ச்சியை நசுக்கப் போன படையிலும் அவர் இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் மெர்ஸிஃபோன் நகரில் கிரேக்கர், ஆர்மீனியர் வாழ்ந்த தெருக்களுக்குள் அவருடைய ஆட்கள் புகுந்தார்கள். கொலையும் கொள்ளையும் நாள்கணக்கில் நடந்தன. நிவாரணப் பணிக்காக அங்கிருந்த அமெரிக்கர்கள் கண்ணால் கண்டதை எழுதிவைத்திருக்கிறார்கள். சில வாரங்களிலேயே, படையெடுத்து வந்த கிரீஸ் நாட்டுப் படையை எதிர்த்து நடந்த சகார்யா போரில் அவர் கிரெசுன் படையோடு களத்தில் நின்றார் என்பதும் உண்மை. ஊர்க்காரர்கள் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். கறுப்பு உடை அணிந்த அவருடைய கிரெசுன் ஆட்களே கெமாலின் மெய்க்காவலர்களாகவும் இருந்தார்கள்.

இவ்வளவுக்கும் அங்காரா அவரைத் தண்டிக்கவில்லை. 1923 மார்ச்சில் அலி ஷுக்ரு என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் காணாமல் போனார். டிராப்ஸானிலிருந்து தேர்வானவர், முன்னாள் கடற்படை அதிகாரி, மதுவிலக்குச் சட்டத்துக்காக வாதாடியவர், கெமாலை அவையிலேயே நேருக்கு நேர் எதிர்த்தவர். ஒஸ்மானின் ஆட்கள் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றது தெரிந்ததும் நாடாளுமன்றம் கொதித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அரசுப் படை ஒஸ்மானைச் சுற்றி வளைத்துக் கொன்றது. அத்தோடு விடாமல், புதைத்த உடலைத் தோண்டியெடுத்து நாடாளுமன்றத்தின் முன் தொங்கவிட்டார்கள். ஒரு உறுப்பினரின் உயிருக்கு அவ்வளவு கோபம். மெர்ஸிஃபோன் தெருக்களில் செத்தவர்களுக்காக அவர் ஒரு நாள்கூடக் கூண்டில் நிற்கவில்லை. பிறகு அதே உடலைக் கோட்டை உச்சியில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அந்த ஊரின் பழைய பெயர் கெரசுஸ். அதை அப்படி அழைத்த கிரேக்கர்களில் உயிர் தப்பியவர்களும் இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ள வகைசெய்த 1923 லோசான் ஒப்பந்தத்தின்படி கிரீஸுக்கு அனுப்பப்பட்டார்கள். கோட்டைக்கு என்னை அழைத்துப் போனவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். நம் வாசகர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

இந்தத் தொடர் நூலாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும்முன், சமாதியைப் பற்றிய அந்த வரியை அடுத்து மெர்ஸிஃபோன், கொச்கிரி, அலி ஷுக்ரு ஆகிய மூன்று பெயர்களையாவது சேர்க்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி