எங்க வீட்டுக்காரர் குடிய விடுறதுக்குத் துணை நின்ன எல்லாருக்கும்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவுக சம்மதத்தோடதான் இத எழுதுறேன், பேர் மட்டும் போடல, படிக்கிறவங்களுக்கு யாருன்னு தெரியும்.

முதல்ல எங்க சபை ஐயருக்கு, அதான் எங்க பாஸ்டருக்கு, நன்றி. ஜெபம் பண்ணா போதும்னு சொல்லி அனுப்பாம, முதல்ல டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னது நீங்கதான் ஐயா. வருஷக்கணக்கா தினமும் குடிச்சவங்க திடீர்னு நிறுத்துனா ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்னு டாக்டர் சொன்னப்பதான் எங்களுக்கு விஷயமே புரிஞ்சுது, ஈஸ்டருக்கு முந்தி வர்ற லெந்து நாள்ல உபவாசத்தோட விட்டுரலாம்னு வீட்லயே வச்சிருந்தா என்ன ஆயிருக்குமோ. அட்மிட் பண்ணி வைட்டமின் ஊசி, மாத்திரைன்னு கை நடுக்கம் நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்ட டாக்டருக்கும் நர்ஸ் அக்காமாருக்கும் ரொம்ப நன்றி.

குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடிப் பேசுற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போன அண்ணாச்சி, உங்களுக்கு நான் என்ன செய்ய! 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிநோயாளிங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா நின்னு ஆரம்பிச்சதுன்னு நீங்க சொன்னீங்க, அதே மாதிரிதான் நீங்களும் நின்னீங்க. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலு நேரத்துலதான் குடிக்கணும்னு தோணும், அப்ப உஷாரா இருக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்கல்ல, அன்னைக்கு ராத்திரி நான் மத்தேயு 4 எடுத்து வாசிச்சேன், ஆண்டவர் நாப்பது நாள் சாப்பிடாம வனாந்தரத்துல தனியா இருந்து பசி வந்தப்பதான் பிசாசு வர்றான், கல்ல அப்பமாக்குன்னு. எத்தனை தடவ வாசிச்ச பகுதி, இது கண்ணுல பட்டதே இல்ல. அதுலருந்து சாயங்காலம் வேல முடிஞ்சு வர்ற நேரத்துக்கு சுக்குக்காப்பியும் அவிச்ச கடலையும் ரெடியா இருக்கும், வயித்துல ஏதாவது விழுந்த பெறகுதான் வீட்டு விஷயம் எதுவும் பேசுவோம்.

சம்பள நாளு பயமான நாளு. அன்னைக்கு டாஸ்மாக் இருக்குற ரோட்ட விட்டுட்டு சுத்தி வண்டில கூட்டிட்டு வந்த என் கொழுந்தனாருக்கு நன்றி. கோழைத்தனம்னு சிலபேர் சிரிச்சாங்க. வேதத்துல யோசேப்பு, எஜமான் போத்திபாரோட மனைவி தப்புக்குக் கூப்பிட்டப்ப வஸ்திரத்த விட்டுட்டு ஓடுனாரே, அது கோழைத்தனமா?

ஐயரம்மா, 1 கொரிந்தியர் 10:13ஐ மனப்பாடமா சொல்லிக் குடுத்தீங்க. "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்." அந்தப் போக்கு நீங்க எல்லாருந்தான்னு நான் நம்புறேன். மனசு தடுமாறுறப்ப அவுக வாய்க்குள்ள இத முணுமுணுக்கிறத நான் பக்கத்துல நின்னு கேட்டுருக்கேன்.

இன்னொண்ணு, இத சொல்லாம இருக்க முடியல. சபைல அப்பமும் ரசமும் குடுக்குற நற்கருணைல ஒயினுக்குப் பதிலா புளிக்காத திராட்சரசம் வச்சீங்க ஐயா, இவுகளுக்கு மட்டும் தனி கிண்ணம்னு வைக்காம சபைக்கு மொத்தமா மாத்துனீங்க, காரணமும் யார்கிட்டயும் சொல்லல. முழங்கால் போட்ட இடத்துல அவுக அழுத அழுக எனக்குத்தான் தெரியும்.

ஆவியின் கனின்னு வேதத்துல சொல்ற நல்ல குணங்கள்ல இச்சையடக்கம்தான் கடைசியா வருது. அது இன்னும் வளந்துக்கிட்டுதான் இருக்கு, மீட்டிங்குக்கும் போய்க்கிட்டுதான் இருக்காக, ஜெபத்துல மறக்காதீங்க. கல்யாண வீட்ல பாத்தா "ஒரு தடவதான, வாங்க"ன்னு தனியா கூப்பிடாதீங்க, பந்திக்குக் கூப்பிடுங்க, பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க.