நம்பரைப் பார்த்தார்கள், வயரைப் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னையும் மஞ்சளும் வைத்திருக்கிறேன். போன மாதம் பண்ணாரி தாண்டி திம்பம் ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, என் டீசல் காரில் இன்ஜின் லைட் எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை, பின்னால் லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார், ஒரு வழியாக ஓரங்கட்டித் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள், பி 0405 என்று கோளாறு நம்பர் வந்தது, அதைத்தான் கோடு என்கிறார்கள். இஜிஆர், அதாவது புகையைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் வால்வு, அதன் சென்சார் போச்சுங்க, சென்சார் தனியாகக் கிடைக்காது, வால்வோடு சேர்த்துத்தான் மாற்றணும், எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் என்றார்கள். பானெட்டைக்கூட யாரும் திறக்கவில்லை! சரி, வேறு இடம் பார்ப்போம் என்று போனால், அங்கே ஒருவர் வால்வுக்குப் புகை வரும் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடலாம், மைலேஜும் கூடும் என்கிறார். சென்சார் கரண்டில் கோளாறு இருக்கும்போது அந்தப் புகை வழியை அடைத்தால் லைட் எப்படி அணையும்? இதை நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அந்த வால்வு சும்மா வைத்த சாமான் இல்லை. வெளியே போகிற புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி, உள்ளே எரியும் சூட்டைக் குறைக்கிறது, அதனால் நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் தரும்போது புகையின் கருமையை மட்டும்தான் அளக்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை, அதனால் அடைத்த வண்டியும் சுலபமாகப் பாஸாகிவிடும். தகடு வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கடைசியில் பெருந்துறையில் ஒரு சின்னப் பட்டறை. அந்தத் தம்பி சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், வால்வு பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தார். சென்சாருக்கு மூன்று வயர்: ஒன்றில் 5 வோல்ட் வரணும், ஒன்று எர்த், இன்னொன்று வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிக்னல். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம். "அண்ணா, கரண்டே வராம சென்சார் என்னத்தைங்க சொல்லும்?" என்றார். வயரைத் தடவிக்கொண்டே போனால் பேட்டரிக்குக் கீழே எலி கடித்து அறுந்து கிடக்கிறது. வண்டியை நிறுத்துவது தோட்டத்துச் சாளையில், தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், எலியைக் குறை சொல்லி என்ன பண்ண! சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, அப்படியே வால்வைக் கழற்றிக் கரியையும் கிளீனர் அடித்து எடுத்து, புது கேஸ்கெட் மாட்டினார், ஸ்கேனரில் அந்தக் கோடு நம்பரை அழித்து ஓட்டிப் பார்த்தோம், திரும்ப வரவில்லை. 1,450 ரூபாய். கரி அடைத்துப் புகை ஓட்டம் குறைந்திருந்தால் 0401 வந்திருக்கும் என்றும், 0405 என்றால் சிக்னல் குறைவு, முதலில் வயரைத்தான் பார்க்கணும் என்றும் சொன்னார்.

கோடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது, எந்தச் சாமான் கெட்டது என்று சொல்வதில்லை. பத்து நிமிஷம் மீட்டர் வைக்காமல் 31,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போடுவது சரியில்லை. புது வால்வு மாட்டியிருந்தாலும் லைட் எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும், அப்புறம் கம்ப்யூட்டர் போச்சு என்பார்கள். வந்த கோடு என்ன, எந்த வயரில் எத்தனை வோல்ட் காட்டியது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தந்த பிறகுதான் சாமான் மாற்ற வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஒரு விதி போடட்டும். அதுவரை வாசகர்களே கேட்டு வாங்குங்கள்.

எலிக்கு அந்துருண்டை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.