மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஜூன் மாதம் பெங்களூரை விட்டுவிட்டு தேவிபட்டினம் பக்கமே வந்துவிடுகிறோம், பாப்பாவை இரண்டாம் வகுப்புக்கு இங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போடலாமா, இல்லை ராமநாதபுரத்துக்கு வேனில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு பள்ளியின் பேரைச் சொல்லி "அங்கே சேர்" என்று எழுத எனக்கு மனசில்லை. அடுத்தடுத்த ஊரில் இருக்கும் இரண்டு அரசுப் பள்ளிகளுக்கு நடுவிலேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். நல்ல ஆசிரியர் ஒருவர் மாறுதலில் போனால் அதே பள்ளி இரண்டு வருஷத்தில் வேறு பள்ளியாகிவிடும். அதனால் நீயே ஒரு தடவை வந்து பார்த்துவிடு. எதைப் பார்க்க வேண்டும், எதற்கு மயங்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

மார்ச்சுக்குள் வா. ஏப்ரலில் தேர்வு வந்துவிடும், அப்போது பாடம் நடப்பதைப் பார்க்க முடியாது. ஆண்டு விழா அன்றைக்குப் போகாதே. செவ்வாய், புதன் மாதிரி சாதாரண நாளாக இருக்கட்டும். தலைமையாசிரியரிடம் பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, மூன்றாம் வகுப்பில் அரை மணி நேரம் உட்காரக் கேள். ஏன் மூன்றாம் வகுப்பு என்றால், முதல் இரண்டு வருஷம் அந்தப் பள்ளி என்ன செய்தது என்பது அங்கேதான் தெரியும். ஐந்தாம் வகுப்பில் வீட்டில் சொல்லிக்கொடுத்தது, டியூஷன் எல்லாம் கலந்திருக்கும். ஒன்றாம் வகுப்பில் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆசிரியர் யாரைப் படிக்கச் சொல்வார் என்று கவனி. முன்வரிசைப் பிள்ளை எழுந்து மடமடவென்று படிப்பதை வைத்து எதுவும் தெரியாது. நடு வரிசையில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நீயே நாலு பிள்ளைகளைக் கேட்டுப் பார். இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. பாடத்தைத் திரும்பத் திரும்பக் காதால் கேட்டே மனப்பாடம் செய்த பிள்ளை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அச்சாகப் படிக்கும், கண் வேறெங்கோ இருக்கும். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டால் நின்றுவிடும். அதனால் புத்தகம் வேண்டாம், நீயே ஒரு தாளில் எழுதிக் கொடு: "பழனி வள்ளத்தில் ஏறி மீன் பிடிக்கப் போனான். தூண்டிலில் பெரிய கொடுவா மாட்டியது." இந்த இரண்டு வரியில் ல, ள, ழ இருக்கிறது, ர, ற இருக்கிறது, ண, ன இருக்கிறது, முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரும் "போ", "கொ" இருக்கிறது, சுழித்து எழுதும் "தூ" இருக்கிறது. பிள்ளைகள் இடறுவது இந்த இடங்களில்தான். "கொ"வை "கெ" என்று படித்துவிட்டுக் காலைத் தனியாக இழுக்கும். உகர, ஊகார வரிசையில் குறியின் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் கு, சு, டு, து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்கியிருக்க வேண்டும். பழக்காமல் ஓடியிருந்தால் "தூ" வரும் இடத்தில் முழிக்கும். ழகரத்தை ளகரமாகச் சொன்னால் அதைப் பெரிதாக எடுக்காதே, அது வீட்டுப் பேச்சு. எழுத்தை அடையாளம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எழுத்துக்கூட்டிப் படிப்பது இரண்டாம் வகுப்பில் சரி. மூன்றாம் வகுப்பு முடியப் போகிற நேரத்தில் சொல் சொல்லாக வர வேண்டும், படித்த பிறகு "யார் போனது? எதில் போனான்?" என்றால் பதில் வர வேண்டும்.

கணக்குக்கு இரண்டே கேள்வி போதும். "நூற்று ஏழு" என்று வாயால் சொல்லி எழுதச் சொல். 1007 என்று எழுதினால் இடமதிப்பு ஏறவில்லை என்று அர்த்தம். அடுத்து 52-இல் 27 போனால் என்ன. சரியான விடை 25. 35 என்று வந்தால், கடன் வாங்கத் தெரியாமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. ஒரு பிள்ளை 35 போட்டால் அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை. கேட்ட நாலு பேரும் 35 போட்டால் சொல்லிக்கொடுத்த முறையில் கோளாறு. கிலோ 180 ரூபாய் நெத்திலி அரைக் கிலோ வாங்கி நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று வாய்க்கணக்காகவும் கேட்டுப் பார். மீன் ஏலக்கூடத்துப் பிள்ளைகள் பத்து என்று பட்டென்று சொல்லும், அதே கணக்கைப் பலகையில் போடத் தெரியாது. அந்த வாய்க்கணக்கைப் பலகைக்குக் கொண்டுவரத் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் அது பெரிய கொடுப்பினை.

பிறகு நோட்டுகளைப் புரட்டு. எல்லா நோட்டிலும் ஒரே வரி, ஒரே இடத்தில் ஒரே பிழை என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. சிவப்பு மையில் சரி போட்டிருப்பதை மட்டும் பார்க்காதே. தப்பைச் சுழித்த பிறகு பிள்ளை அதைத் திருத்தி மறுபடி எழுதியிருக்கிறதா, அதையும் ஆசிரியர் பார்த்திருக்கிறாரா என்று பார். "எங்கள் ஊர் திருவிழா" என்ற தலைப்பில் ஐந்து பிள்ளைகள் ஐந்து விதமாக எழுதியிருந்தால், பிழை நிறைய இருந்தாலும் அது நல்ல வகுப்பு.

2022 ஜூனிலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அடுத்த வருஷம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்குத் தக்க பயிற்சி கொடுக்க வேண்டும். பாப்பாவுக்கு இது ரொம்பத் தேவை. அங்கே தமிழ் எழுத்தே படிக்காமல் வருகிறாள். இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே அரும்பு நிலையில் தமிழைத் தொடங்கலாம், கணக்கில் அவள் மலரில் இருக்கலாம். ஆனால் திட்டம் நடக்கிறதா, தாளில் மட்டும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். ஆசிரியரிடம், "அரும்பில் இருந்த யார் யார் இந்தப் பருவத்தில் மொட்டுக்கு வந்தார்கள்?" என்று கேள். நல்ல ஆசிரியர் பெயர் பெயராகச் சொல்வார், இன்னும் வராத பிள்ளைக்கு எங்கே சிக்கல் என்றும் சொல்வார். "எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்க" என்று சொன்னால் கொஞ்சம் யோசி. சுவரில் தொங்கும் அட்டைகள் பிள்ளைகள் எட்டித் தொடும் உயரத்தில், ஓரம் கிழிந்து அழுக்காக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. புதுசாகப் பளபளவென்று மேலே ஆணியில் தொங்கினால் யாரும் தொடவில்லை.

ஆசிரியர் எத்தனை பேர் என்பதைச் சட்டப்படி பார். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு. நம் கடற்கரையில் பல ஊர்களில் இருப்பது ஈராசிரியர் பள்ளிதான். இரண்டு பேர், ஐந்து வகுப்பு. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். முப்பது பிள்ளைகளை இரண்டு பேர் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளையும் கண்ணில் படும், வேனில் போகும் பள்ளியில் ஒரே வகுப்பறையில் நாற்பது பேர் இருப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் வரும். ஒருவர் குறுவள மையத்துப் பயிற்சிக்கோ, தேர்தல் வேலைக்கோ, வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியிலோ போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். தலைமையாசிரியர்தான் அந்த மற்றவர் என்றால் எமிஸ் இணையத்தளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் வேலையும் அவர் தலையில்தான். வருஷத்துக்கு 200 வேலை நாள் என்கிறது சட்டம், அதில் எத்தனை நாள் பாடம் நடந்தது என்பதே நமக்கு வேண்டியது. "ஒரு டீச்சர் வராத அன்னிக்கு என்ன ஏற்பாடு?" என்று நேராகக் கேள். ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து உட்கார வைத்து, பெரிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வேலை எழுதி வைக்கிற பள்ளியும் உண்டு, பிள்ளைகளை வாய்பொத்தி உட்கார வைக்கிற பள்ளியும் உண்டு.

ஒவ்வொரு ஆசிரியரும் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்பதையும் விசாரி. வெளி மாவட்டத்திலிருந்து நியமனமாகி வருபவர்கள் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவார்கள், அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் கணக்கிடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று ஒருவரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு எடுத்துவிடுவார்கள். நீ பாப்பாவைச் சேர்ப்பதே அந்த எண்ணிக்கையில் ஒன்று கூடுவதுதான், அதையும் நினைவில் வை.

வருகையை மத்தியானம் இரண்டு மணிக்குப் பார். பலகையின் மூலையில் பதிவு இவ்வளவு, வருகை இவ்வளவு என்று எழுதியிருக்கும். நீயும் தலையை எண்ணு. சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் காணாமல் போகும் பள்ளியில் மாலைப் பாடம் கிடையாது என்று வைத்துக்கொள். நம் பக்கம் இதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இருக்காது, ஆண்கள் கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போவார்கள். மண்டபம், ஏர்வாடிப் பக்கம் தாய் கடல்பாசி எடுக்கப் போனால் மூத்த பெண் பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடும். இது தெரிந்து, இரண்டாம் நாளே வீட்டுக்குப் போன் போடுகிற அல்லது ஆள் அனுப்புகிற ஆசிரியர் இருக்கும் பள்ளியைத் தேர்ந்தெடு.

கழிப்பறையைக் காலையில் பார்க்காதே, அதையும் மத்தியானம் பார். பெண் பிள்ளைகள் பக்கம் தாழ்ப்பாள் விழுகிறதா, சாவி யாரிடம், குழாயில் தண்ணீர் வருகிறதா, குடத்தில் தூக்கி ஊற்றுகிறார்களா. கழிப்பறை சரியில்லை என்றால் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கும், நீர்க்கடுப்பு வரும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள். காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரில் சமைத்தால் பருப்பு வேகாமல் சாம்பார் தனியாகத் தண்ணீர் தனியாக நிற்கும். காலை உணவு 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் உண்டு, 2024 ஜூலையிலிருந்து ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளிலும் உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. மத்தியானச் சத்துணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, முட்டை உண்டு. பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும். அவர் நின்று சாப்பிட்டுப் பார்க்கிறாரா, பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்று அந்த நேரத்துக்குப் போனால் தெரிந்துவிடும்.

கட்டடத்தில் பெயின்ட்டைப் பார்க்காதே, அண்ணாந்து கூரையைப் பார். உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் காரை பெயர்ந்து விழும். பழுப்பு நிறக் கோடும் அதை ஒட்டி விரிசலும் இருந்தால் அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கிறார்களா என்று கேள். ஐப்பசி, கார்த்திகையில் வளாகத்தில் தண்ணீர் தேங்குமா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்வார்கள். ஸ்மார்ட் போர்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் பற்றிக் கவலை என்று எழுதியிருந்தாய். நியாயமான கவலைதான். பலகையில் ஆங்கில வழி என்று எழுதியிருப்பதால் ஆங்கிலம் வந்துவிடாது. பிள்ளை ஒப்பிக்கும் பாட்டையும் நம்ப வேண்டாம். புத்தகத்தில் இல்லாத மூன்றெழுத்துச் சொற்கள் ஐந்தாறை எழுதிக் கொடுத்து ஒலி சேர்த்துப் படிக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல். தமிழ்வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள். பாப்பா ஒன்றாம் வகுப்பை அங்கே படிப்பதால் அந்தக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு, அதை அப்போது யோசித்துக்கொள்ளலாம். இப்போது அவள் தாய்மொழியில் தங்குதடையின்றிப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். அது வந்துவிட்டால் மற்ற மொழியும் சேர்ந்து வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளம்பும் முன் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டைக் காட்டச் சொல். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே பேனாவில் போட்ட மாதிரி இருக்கிறதா, "கழிப்பறைக் குழாய் மாற்றுவது" மாதிரித் தீர்மானம் போட்டு அடுத்த மாதம் மாற்றியிருக்கிறார்களா என்று பார். தலைமையாசிரியர் அதை முகம் மாறாமல் எடுத்துக் கொடுத்தாலே பாதி தெரிந்துவிடும். ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் என்று ஓர் அடையாள எண் உண்டு, அதையும் குறித்துக்கொள். பதினொரு இலக்கம், 33-இல் தொடங்கும். அதை வைத்து இணையத்தில் ஆசிரியர், பிள்ளைகள் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம்.

வரும்போது பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொள். அங்கே டிசி கொடுக்கத் தாமதம் செய்தால் பதற வேண்டாம். டிசி வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை, சேர்த்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம். பாப்பாவையும் கூட்டி வா. அவள் அந்த வகுப்பில் பாய் மேல் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையிடம் என்ன பேசுகிறாள் என்பதையும் கேட்டுக்கொள்வோம். எந்த வாரம் என்று போன் பண்ணு. அதுவரை நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மூன்று பள்ளியிலும் ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா