செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை விழுங்கியது வயதான புற்றுநோயாளிகளுக்கான ஜி8 கேள்வித்தாள்தான்; அதைப் பற்றியே சொல்கிறேன்.

சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா, நடமாட்டம் எப்படி என்று போகும் எட்டுக் கேள்விகள். மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழுமையான முதியோர் மருத்துவ மதிப்பீடு, அதாவது உடல், மனம், நினைவாற்றல், அன்றாட நடமாட்டம் என எல்லாவற்றையும் பார்க்கும் பரிசோதனை, தேவை. ஐந்து நிமிட வேலைதானே என்று, செவிலியராக இருக்கும் உறுப்பினர் ஒருவரின் துணையோடு தொடங்கினோம்.

முதல் நாளே மூக்குடைபட்டோம். தினமும் மூன்றுக்கு மேல் மருந்து உண்டா என்று கேட்டதற்கு ஒரு பெரியவர், "ரெண்டே ரெண்டுதான்" என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் பையை மேசையில் கவிழ்த்தார். ஏழு மாத்திரை அட்டை! அன்றிலிருந்து மாத்திரைப் பையோடுதான் வரச் சொல்கிறோம்.

ஒரு வருத்தமான சம்பவமும் உண்டு. 12 என்ற எண்ணைப் பார்த்த ஒரு குடும்பம், இனி கீமோ கிடையாது என்று நினைத்து உடைந்துபோனது. தவறு நம்முடையது, எண்ணைச் சொன்னோம், பொருளைச் சொல்லவில்லை. 85 வயதைத் தாண்டியவருக்கு வயதுக்காகவே 2 மதிப்பெண் போய்விடும். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் 15தான். இன்னும் ஒரு மதிப்பெண் குறைந்தாலே, ஓரளவு திடமாக இருப்பவரும் இதில் சிக்குவார். சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் தாள் அல்ல இது.

முழு மதிப்பீட்டால் பயன் உண்டா என்று சிலர் கேட்டீர்கள். 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 70 வயதைக் கடந்தவர்களின் மதிப்பீட்டு விவரம் மருத்துவர் கைக்குப் போனபோது கடுமையான பக்கவிளைவு 71 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆறு மாத உயிர்பிழைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

கீமோவின் பக்கவிளைவைக் கணிக்கும் கார்க் மதிப்பெண் மருத்துவரின் வேலை. ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எல்லாம் வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தாரா என்பதும் அதில் ஒரு கேள்வி. அங்கேதான் நம் ஆட்கள் மழுப்புகிறார்கள். "விழலைம்மா, லேசா சறுக்கிச்சு" என்றார் ஒரு பாட்டி. சறுக்கினாலும் விழுந்த கணக்குதான் என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

அப்புறம், விழும் அபாயத்தைப் பார்க்க, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனைக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும். நம்மிடம் இருப்பவை எல்லாம் கைப்பிடி இல்லாதவை. ஒன்று வாங்கச் சபையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி.
செயலாளர்