விரல் நுனியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கீமோ, ஆபரேஷன், கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) வரை சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்குக் குழப்பம் தொடங்கியதே அதற்கு அப்புறம்தான்.

நான் கோட்டையூரில் பனையோலைக் கொட்டான், அதாவது ஓலைக் கூடை, பின்னுகிறவள். வயது 51. எனக்கு வந்தது ட்ரிபிள் நெகட்டிவ் என்கிற, ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்காத வகை. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். எடுத்த சதையில் இன்னும் கொஞ்சம் நோய் மிச்சம் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கரண்ட் முடிந்த அன்று, "கேப்சிட்டபின்னு ஒரு மாத்திரை இருக்கு, போடுறதும் விடுறதும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். இஷ்டம் என்று விட இது என்ன புடவைக் கடையா?

பக்கத்து வீட்டு ஆச்சி, "தேவகோட்டையில நம்ம சம்பந்தி அஞ்சு வருஷமாப் போடுதே, அந்த மாத்திரைதானே?" என்றார்கள். அது ஹார்மோன் மாத்திரை, என் வகை நோய்க்குக் கேட்காது. இது விழுங்குகிற கீமோ. ஆச்சிக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

மதுரையில் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் 910 பெண்களை வைத்துச் செய்து, 2017இல் வெளிவந்த ஆய்வு அது. அதில் என் வகைக்காரர்களில், மாத்திரை போடாமல் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100க்கு 56 பேர், போட்டுக்கொண்டவர்களில் 70 பேர். அதாவது பாதிக்கு மேல் போடாமலேயே தப்பிக்கிறார்கள். 30 பேருக்குப் போட்டும் பலனில்லை. இடையில் இருக்கிற 14 பேருக்காக நூறு பேரும் விழுங்குகிறோம். நான் அந்த 14இல் உண்டா என்று அவராலும் சொல்ல முடியாது. சரி, போட்டுக்கொள்கிறேன் என்று அன்று ராத்திரியே முடிவெடுத்தேன். முன்பு இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தது எனக்கு ஒரு கணக்கும் தெரியாததால்தான்.

காலையில் 3, இரவில் 3, சாப்பிட்ட அரைமணிக்குள். 14 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். மொத்தம் 8 சுற்று.

என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்து உரிக்கும். மூன்றாவது சுற்றில் விரல் நுனிகள் வெடித்தன. நனைத்த ஓலையைத் தொட்டாலே மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. நான்காவது சுற்றில் ரேஷன் கடை மிஷினில் ரேகை விழவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன், பின்னால் வரிசை முணுமுணுத்தது. அதன் பிறகுதான் டாக்டரிடம் கொட்டான் வேலையைச் சொன்னேன். இரவு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். வலிக்குத் தடவுகிற டைக்ளோஃபெனக் ஜெல்லை முதலிலிருந்தே கையில் தடவி வந்தால் இந்தப் புண் குறைகிறது என்றும் சொன்னார். டெல்லி எய்ம்ஸில் செய்த ஆய்வாம், 2024இல் வந்தது: மோசமான புண் 100க்கு 15 பேருக்கு வந்த இடத்தில், தடவியவர்களில் 4 பேருக்குத்தான் வந்ததாம். முதல் நாளே அவர் கேட்டிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம்.

மாத்திரை எழுதும்போதே இந்த 56, 70 கணக்கைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துத் தரச் சொல்லித் தாங்கள் எழுத வேண்டும். கைக்கு என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும்.

எனக்கு ஆறாவது சுற்று நடக்கிறது. தை முகூர்த்தத்துக்கு 200 கொட்டான் கேட்டு வந்தவர்களை வேறிடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். ரேஷனுக்கு இப்போது மகன்தான் போகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர்