கிளை கழிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்

ஆனைமலைத் தேயிலை, காப்பித் தோட்டங்களின் மேலாளர்களுக்கு,

வணக்கம். ஆழியாறு அடிவாரத்திலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிக்கடி வால்பாறைக்கு வந்து போகிறவன் நான். தென்மேற்குப் பருவமழைக்கு முன் நீங்கள் நிழல் மரங்களைக் கழிக்கும் வேலையில் மலையணிலுக்காக ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன்.

வீட்டு முற்றத்தில் ஓடும் மூவரி அணிலை மனத்தில் வைத்து இதை எடைபோட வேண்டாம். மலையணில் இரண்டு கிலோ வரை வளரும். அதன் வால் உடலைவிட நீளமானது. பகலில் மட்டுமே நடமாடும் அது தரையில் இறங்குவது மிக அரிது. பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, முன்னங்கைகளில் பழத்தைச் சுழற்றிச் சுழற்றித் தின்னும் அழகைப் பார்த்துப் பேருந்தைத் தவறவிட்டிருக்கிறேன். ஏறத்தாழ இருபது அடி தாவக்கூடியது என்றாலும், கிளைகள் நெருங்கி நிற்கும் இடமே அதற்குப் பாதை.

ஆபத்து வந்தால் பெரும்பாலும் அது ஓடுவதில்லை. கிளையோடு ஒட்டிப் படுத்து, மூச்சுக் காட்டாமல் கிடக்கும். கழுகை ஏமாற்றும் இந்தப் பழக்கம் அரிவாளுக்கு முன் பயன்படாது. குச்சிகளும் இலைகளும் கொண்டு கிளை நுனிகளில் கட்டும் உருண்டைக் கூடுகளும் அப்படித்தான்: ஒரே அணில் பல கூடுகளை வைத்திருக்கும் என்பதால், ஆளில்லாமல் தெரியும் கூட்டைக் கைவிடப்பட்டதென்று தொழிலாளர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) அப்படி விழுந்த கூட்டுக்குள் கண் திறக்காத குட்டி ஒன்று இருந்தது. மேஸ்திரி அதைத் தன் தலைத்துண்டில் பொதிந்து, அடிமரத்துக் கவட்டையில் வைத்தார். தாய் அடுத்த மரத்திலிருந்து கடகடவென்று கத்திக்கொண்டே இருந்தது; இடையில் இருந்த கிளைகள் அன்று காலையில்தான் வெட்டப்பட்டிருந்தன. மாலை வரை அது இறங்கி வரவில்லை.

ஆகவே, ஒரு வரிசை மரங்களை ஒரே நாளில் மொட்டையடிக்காமல், மரத்துக்கு மரம் தொடும் ஒரு கிளையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஏறும் ஆளிடம் முதலில் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; இருந்தால் அந்த மரத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். சாலை குறுக்கிடும் இடங்களில், சிங்கவால் குரங்குகளுக்காக வால்பாறையில் கட்டியிருப்பதைப் போன்ற தொங்குபாலம் போதும். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் பட்டுப்போன இடங்களில் நாவலோ பலாவோ நட்டால் இன்னும் நல்லது. பலாப்பழத்தில் ஓட்டை போடுகிறது என்ற புகார் வந்தால், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு பயணி